கால் அரிக்கும் கொடி

"மதினி, ஒரு குப்பி மூச்சு இருந்தாக் குடுங்களேன். பொழுது அடையதுக்குள்ள திருப்பித் தந்துருதேன்."

கையில் காலிக் குப்பியோடு வாசலில் நின்றாள் பக்கத்து வீட்டு ஜெபராணி. செவ்வாய்க் கோளில், தேரிக்குடி என்ற ஊரில் இது அன்றாடம் நடப்பதுதான். பூமியில் காப்பித்தூளும் சர்க்கரையும் கைமாற்று வாங்குவதில்லையா, இங்கே அதுபோல மூச்சு.

ஆவுடை கொஞ்சம் தயங்கினாள். அன்று வெள்ளிக்கிழமை. மூட்டை முடிச்சில் எடை அதிகம் என்று எதையெதையோ பூமியில் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள், வெள்ளிக்கிழமையை மட்டும் விடாமல் கொண்டுவந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து உப்பும் மூச்சும் வெளியே போகக் கூடாது. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரியை மூச்சு முட்ட விட முடியுமா? குப்பியை நிரப்பி, கையில் கொடுக்காமல் படிக்கு வெளியே தரையில் வைத்தாள்.

"நான் குடுக்கல. நீங்களா எடுத்துக்கிட்டீங்க" என்றாள்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்தபடி ஜெபராணி எடுத்துக்கொண்டு போனாள்.

ஊர் இருந்தது ஒரு பெரிய பள்ளத்தாக்கில், கண்ணாடிக் கூரைக்கு அடியில். முதன்முதலில் வந்து இறங்கியவர்கள் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணலைப் பார்த்துவிட்டு, "இது நம்ம தேரிக்காடுல்லா! இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றார்களாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மணலில் நட்டிருந்தது மூச்சுப்புதர். பூமியின் வறண்ட பொட்டல்களில் வளரும் முட்புதர்களைக் கலந்து ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய இனம் அது. பூக்காது, காய்க்காது, ராப்பகலாகப் பிராணவாயுவைக் கக்கும். குடும்பத்துக்கு ஒரு பாத்தி. பாத்தியின் மேல் கண்ணாடி மூடாக்கு, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய், வீட்டுச் சுவரில் ஒரு மூச்சுமானி. முள் பச்சையில் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். மஞ்சளுக்கு வந்தால் குப்பியைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கம் போக வேண்டும். சிவப்புக்குப் போனால் சங்கு ஊதும்.

ஊருக்கே புதர்க்காவல் தலைமை அதிகாரி ஆவுடைதான். ஜெபராணி அந்த வாரம் மூச்சு கேட்டு வருவது இது முதல் தடவை அல்ல என்பது அவளுக்கு உறுத்தியது. உதவி எந்திரமான கிள்ளியை அழைத்துக்கொண்டு ஜெபராணியின் பாத்திக்குப் போனாள். கிள்ளி முழங்கால் உயரம் இருக்கும். காய்ந்த இலைகளைக் கிள்ளுவதற்காகச் செய்ததால் அந்தப் பெயர்.

மூடாக்கைத் திறந்ததும் ஆவுடைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புதர்களின் மேலே யாரோ தங்கச் சரிகையைச் சிக்கலாக்கிக் கொட்டியதுபோல மஞ்சள் நூல்கள் மண்டிக் கிடந்தன. இலை இல்லை. தரையில் வேரும் இல்லை. நூல் தொட்ட இடத்திலெல்லாம் புதர் வெளிறியிருந்தது. நூல்களின் நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, மிளகளவு கொத்துக் கொத்தாகப் பூ. பூ! அந்த ஊரில் பிறந்த யாரும் அதுவரை உயிருள்ள பூவைப் பார்த்ததே இல்லை. பெண்கள் தலையில் வைப்பதெல்லாம் பிளாஸ்டிக்.

"நல்லாருக்குல்லா மதினி? தானா வந்துச்சு" என்று பின்னால் வந்து நின்ற ஜெபராணி பூரித்தாள். "தங்கமா மின்னுது பாருங்க. தெனமும் தண்ணி தெளிச்சு விடுதேன்."

"அடப்பாவி! இது அம்மையார் கூந்தல்! பூமியில இருந்து வந்த விதைச் சாக்குல ஒளிஞ்சு வந்துருக்கு. இதுக்குச் சொந்தமா வேரு கிடையாது. புதரைச் சுத்திக்கிட்டு, தண்டுல பல்லை இறக்கி, உள்ள இருக்க சத்தையெல்லாம் உறிஞ்சிரும். விரல் நீளத் துண்டு போதும், இன்னொரு புதர் மேல கெடந்தா அங்கயும் பிடிச்சுரும். நீங்க தண்ணி ஊத்தி வளத்தது உங்க மூச்சைத் திங்கிற பூதத்தை!"

ஜெபராணி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

ஆவுடை அன்றே எல்லாம் செய்தாள். பூமியில் பயிர்நோய்க் கல்வி என்ன சொல்லிக்கொடுத்ததோ, அதை ஒன்று விடாமல் செய்தாள். பூத்த கொடியை வெட்டினால் விதை சிதறும் என்பதால், பூமியிலிருந்து மருந்து வரும்வரை அந்தப் பாத்தியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி போட்டாள். 'மிக முக்கியம். யாரும் தொடக் கூடாது. மீறினால் கடும் தண்டனை' என்று பலகை வைத்தாள். நான்கு பக்கமும் காவல் எந்திரம். ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் மூன்று வேளையும் எச்சரிக்கை.

அவள் இவ்வளவு பதறியதற்கு வேலை மட்டும் காரணமில்லை. மகள் பூரணிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகன் துருவ முகாமில் பனி வெட்டப் போயிருந்ததால் அம்மா வீட்டில்தான் பிரசவம். ஊர்ச் சட்டம் ஒன்று உண்டு. குழந்தை பிறக்கும் வீட்டில் மூச்சுமானி பச்சையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய தாய்க்கப்பலுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்பிவிடுவார்கள். அங்கே சேமிப்பு மூச்சு நிறைய உண்டு, ஆனால் எடை கிடையாது. எடையில்லாத இடத்தில் பிறந்து வளரும் பிள்ளைக்கு எலும்பு கெட்டிப்படாது. பிற்பாடு எந்தத் தரையிலும் அது கால் ஊன்ற முடியாது.

"எம்மா, எம் பிள்ளை தவழணும்மா. மெதக்கக் கூடாது" என்று பூரணி ஒருநாள் சொன்னது ஆவுடையின் காதிலேயே நின்றது.

வேலி போட்ட சில நாட்களில் ஊரின் மறுகோடியில் ஒரு பாத்தியில் மஞ்சள் நூல் தென்பட்டது. அடுத்து வடக்குத் தெருவில். அடுத்து, ஒரே நாளில் ஆறு இடங்களில். ஆவுடைக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒவ்வொரு பாத்திக்கும் மூடாக்கு இருக்கிறது. காற்றில் போக முடியாது. தண்ணீர்க் குழாய் தனித்தனி. பறவை, பூச்சி, எலி, எதுவும் இந்தக் கோளிலேயே கிடையாது.

"காவல் எந்திரமெல்லாம் ஏதாவது பாத்துச்சா?" என்று கிள்ளியிடம் கேட்டாள்.

"பார்த்தன, அதிகாரி. வேலிக்கு வெளியே நின்று பார்க்கத் தடை இல்லை என்பதால் மக்கள் நிறைய வந்தார்கள். வேலி ஓரம் வந்ததும் பெரும்பாலோர் குனிந்து காலைச் சொறிந்தார்கள். அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்தக் கொடி மனிதர்களுக்குக் கால் அரிப்பை உண்டாக்குகிறது."

ஆவுடை அதையும் நம்பி, ஊருக்கெல்லாம் அரிப்புக் களிம்பு வழங்கச் சொன்னாள். படித்தவர்களுக்குச் சில நேரம் இப்படித்தான் கண்ணைக் கட்டிவிடும்.

அடுத்த வாரம் அவள் வீட்டு மூச்சுமானியே மஞ்சளுக்கு இறங்கியது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். தங்கள் பாத்தியின் மூடாக்கைத் திறந்து உள்ளே தேடினாள். மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருந்தது அது. ஒரு புதர் முழுக்கப் பொன்நூல். தானாகப் படர்ந்த மாதிரி இல்லை. பிள்ளைக்கு அரைஞாண் கட்டுவதுபோலப் பதமாகச் சுற்றிவிட்டிருந்தது. அடித்தண்டில் மஞ்சளும் குங்குமமும் வேறு.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வீடே அதிரும்படி கூப்பிட்டாள்.

கணவர் சுடலைமணி வந்து நின்றார். ஓய்வுபெற்ற குழாய் மேஸ்திரி. எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். எறும்பே இல்லாத கோளில் அது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நாந்தான் கொண்டாந்தேன்."

"எங்க இருந்து?"

"ஜெபராணி பாத்தியில இருந்து. வேலிக்கு அடியில கையை விட்டு, மூடாக்கை லேசாத் தூக்கி ஒரு துண்டு கிள்ளி, வேட்டி மடிப்புல வெச்சு..."

"நான் வேலி போட்டு, பலகை வெச்சு, மூணு வேளையும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துதேனே, அது உங்க காதுல விழலியா?"

"விழுந்துச்சு, ஏட்டி. அதனாலதான எடுத்தேன்." சுடலைமணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணுமில்லாததுக்கா வேலி போடுவாங்க? அதிகாரிங்க எதையோ தங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சுருக்காங்கன்னு ஊரே சொல்லுது. அந்தக் கொடி வந்த வீட்டுல மூச்சு பெருகுமாம். வாங்கி வெச்சா வராது, திருடி வெச்சாத்தான் செழிக்குமாம். எங்க ஆத்தா பூமியில மணி பிளான்ட் வெச்சதே அப்படித்தான. நம்ம பூரணிக்கு மூச்சு பெருகட்டும்னுதான் எடுத்தேன். நான் மட்டுமா எடுத்தேன்? எல்லாரும்தான் எடுத்தாங்க."

கால் அரிப்பு என்றால் என்னவென்று ஆவுடைக்கு அப்போதுதான் விளங்கியது.

கோபப்படக்கூட முடியவில்லை. மகளுக்காக, தன் கையாலேயே மகளின் மூச்சுக்கு உலை வைத்திருக்கிறார் மனுஷன். அவர் முகத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆவுடை உண்மையைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் செத்தது. பாத்திக்குள் இறங்கி, இன்னும் பூக்காத அந்தக் கொடி சுற்றிய கொம்புகளையெல்லாம் வெட்டி உலையில் போட்டார். அதற்குள் பாதிப் புதர் போயிருந்தது.

"இவரு கேட்டுட்டாரு. ஊர் முழுக்க எப்படிக் கேக்க வைக்க?" என்று ஆவுடை புலம்பினாள்.

"தண்டனையைக் கூட்டலாம். இரண்டாவது வேலி அமைக்கலாம்" என்றது கிள்ளி.

"இன்னொரு வேலி போட்டா இன்னும் ரெண்டு மடங்கு திருடுவாங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, வீட்டு மாடத்தில் துணிக் கிளிப்புகள் போட்டு வைத்திருந்த பச்சைத் தொட்டி அவள் கண்ணில் பட்டது. நிர்வாகம் 'வீட்டுக்கொரு கீரைத் தொட்டி' என்று ஊரெல்லாம் இலவசமாகக் கொடுத்தது அது. ஊரில் ஒருவர் வீட்டில்கூட அதில் கீரை முளைத்ததில்லை. ஜெபராணி வீட்டில் அதில் வெங்காயம் இருந்தது. ஆவுடை அந்தத் தொட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் குடியேற்றத் தலைவரைப் போய்ப் பார்த்தாள். திட்டத்தைக் கேட்டதும் தலைவர் முதலில் மிரண்டார். விழா உண்டு, மேடை உண்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் உங்கள் படம் உண்டு என்றதும் உடனே கையெழுத்துப் போட்டார்.

வேலி பிரிக்கப்பட்டது. மருந்துக்குக் காத்திராமல் ஜெபராணியின் பாத்தியைப் புகையில்லா உலையில் முழுசாக எரித்தார்கள். 'இல்லந்தோறும் பொன்கொடித் திட்டம்' அறிவிக்கப்பட்டது. வரிசையில் நிற்க வைத்து வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். உள்ளே இருந்த நூல்களை ஆவுடை முன்னாடியே ஆவியில் அவித்துச் சாகடித்திருந்தாள். பொன்கொடியை ஒவ்வொரு குடும்பமும் கட்டாயம் வளர்க்க வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை கொடியின் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆய்வாளர் வந்து நீளத்தை அளப்பார்.

"அழிக்க வேண்டியதை நாம் ஏன் வழங்குகிறோம், அதிகாரி?" என்று கிள்ளி கேட்டது.

"பேசாமப் பாரு" என்றாள் ஆவுடை.

ஒரே வாரம். ஊரில் ஒரு நூல் மிஞ்சவில்லை. ஆய்வாளர் வருவார் என்ற பயத்தில் பதுக்கி வைத்திருந்ததையெல்லாம் கொம்போடு வெட்டி உலையில் தள்ளினார்கள். கொடுத்த பொட்டலங்கள் அலமாரி மேலே பிரிக்காமல் கிடந்தன. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "நல்லாத்தான் பாத்துக்கிட்டோம் மேடம், வந்த அன்னைக்கே வாடிப்போச்சு. கவர்மென்ட்டு குடுத்தது அம்புட்டுத்தான்."

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

கொடி போனாலும், அது தின்ற புதர் திரும்பி வரவில்லை. பாதி ஊரின் முள் மஞ்சளில் நின்றது. ஆவுடை நாற்றங்காலில் மூச்சுப்புதர் நாற்றுகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இலவசமாகத்தான். கையைப் பிடித்துக் கும்பிட்டு, "உடனே நடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். இந்த முறை எந்தத் தந்திரமும் இல்லை. உயிர் மூச்சு ஆயிற்றே, இதைக்கூடவா நடமாட்டார்கள்?

இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போனவளுக்குப் பகீரென்றது. நாற்றுகள் வாசலிலேயே இருந்தன. கட்டிக்கொடுத்த சீட்டுகூட அவிழவில்லை. ஒரு வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் அதன்மேல் மிதியடி காய்ந்தது. சுவரில் முள் சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்கு நேர் கீழே நாற்று செத்துக்கொண்டிருந்தது.

"நடலாம்னுதான் இருந்தோம் மதினி" என்று ஜெபராணி மூச்சு இரைக்கச் சொன்னாள். பாத்தி மொத்தமும் எரிந்துபோனவள். கையில் கைமாற்றுக் குப்பி. "சும்மா குடுத்ததுதான, வாடிப்போனா இன்னொண்ணு தருவீங்கன்னு நெனச்சேன்."

"மூச்சு முட்டிச் செத்துருவீங்க! இது வெளையாட்டுன்னு நெனச்சியளா?"

"நடுதேன் மதினி, நாளைக்கு நடுதேன்."

இந்த ஜனங்களா வேலிக்கு அடியில் கையைவிட்டு, தண்டனைக்குப் பயப்படாமல் விஷத்தைத் திருடிக்கொண்டு போனவர்கள்? வீட்டுக்கு வந்தால், மேசையில் தாய்க்கப்பலின் ஆணை காத்திருந்தது. முள் பச்சைக்கு வராவிட்டால் மாத முடிவில் பூரணி மேலே போக வேண்டும். பூரணி சுவரோரம் தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கால்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க ஆவுடைக்குத் தாங்கவில்லை.

"கிள்ளி! பழைய வேலிக் கம்பியெல்லாம் எங்க இருக்கு?" என்று எழுந்தாள்.

அன்று மாலையே நாற்றங்காலைச் சுற்றி வேலி எழுந்தது. பலகையை ஆவுடை தன் கையாலேயே எழுதினாள். 'உயர்ரகம். அதிகாரிகள் பயன்பாட்டுக்கு மட்டும். பொதுமக்கள் தொடக் கூடாது. காவல் எந்திரங்கள் மின்னேற்றத்துக்குப் போகும் நண்பகல் வேளையில் யாரும் வேலிப் பக்கம் வரக் கூடாது.'

மறுநாள் நண்பகல் கழிந்தபோது நாற்றங்காலில் ஒரு நாற்று இல்லை. சில இடங்களில் மண்ணையும் சேர்த்து அள்ளியிருந்தார்கள். ஊர் முழுக்க மூடாக்குகள் திறந்திருந்தன. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் பாத்தியில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவுடையைக் கண்டதும், "பழைய செடிக்கு மண் அணைக்கோம் மேடம்" என்றார்கள். அவளும், "சரி சரி, நல்லா அணைங்க" என்று போய்விட்டாள். அவள் வீட்டுப் பாத்தியிலும் திடீரென்று ஒரு வரிசை முளைத்திருந்தது. சுடலைமணியின் முழங்காலெல்லாம் செம்மண். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

திருட்டுச் செடிகள் ஒன்றுகூட வாடவில்லை. பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். மாதம் முடிவதற்குள் முள் பச்சைக்கு வந்தது. பூரணிக்குத் தரையில், எடையோடு, ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் காலை உதைத்த உதையில் மருத்துவச்சியின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

பிள்ளை பிறந்தால் அதன் பேரில் ஒரு புதர் நடுவது அந்த ஊர் வழக்கம். நாற்றங்காலில் ஆவுடை புதிதாக வளர்த்திருந்த நாற்றுகளில் மிக நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, சீட்டுக் கட்டி, முறைப்படி பதிந்து வீட்டுக்கு எடுத்து வந்தாள். வாசலில் வைத்தாள். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. நடத்தான் நினைத்தாள். என்னவோ மனசு ஒட்டவில்லை.

மூன்றாம் நாள் ஜெபராணியின் பாத்தியைத் தாண்டிப் போனாள். ஊரிலேயே அவள் புதர்கள்தான் அத்தனை கொழுகொழுவென்று நின்றன.

"என்ன மதினி, பேரனுக்கு நட நம்ம புதர்ல ஒரு கொம்பு ஒடிச்சுத் தரட்டுமா? எத்தனை வேணும்?" என்று ஜெபராணி வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்.

"வேண்டாம் வேண்டாம். எங்கிட்ட இல்லாத நாத்தா?" என்றாள் ஆவுடை.

"அப்ப இருங்க, காப்பி போட்டுக் கொண்டாரேன்" என்று ஜெபராணி வீட்டுக்குள் போனாள்.

ஆவுடை இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்தாள்.

"அதிகாரி, கால் அரிக்கிறதா?" என்று கேட்டது கிள்ளி.

"ஆமா, அரிக்கு" என்றாள் ஆவுடை, கொம்பை முந்தானைக்குள் சொருகியபடி. "நீ அங்கிட்டுத் திரும்பு."